ஒரு பிடி பொரி

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை ஏழு மணி. மேட்டில் ஏறத் திணறிய வேனை ஞானசெல்வி பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தாள். மதியம் மலைக்கோயிலில் மகளுக்குக் காதுகுத்து. இஞ்சினைப் பிரித்தால் சொந்தபந்தமெல்லாம் நடந்துதான் ஏறவேண்டும்.

மெக்கானிக் இதயதுல்லா இஞ்சினுக்குப் போகும் காற்றுக்குழாய்க்குள் கேமரா ஒயரை நுழைத்தான். செல்போன் திரையில் இருட்டு நீண்டுகொண்டே போனது. அதன் முடிவில் வெள்ளையாய் ஒரு குன்று.

“என்னக்கா இது, பொரியா?”

ஞானசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். “எல்லாரும் தின்னோம். வருஷம் பூரா உழைக்குதேன்னு இதுக்கும் ஒரு பிடி போட்டேன்.”

“நல்லவேளை, பாயசம் ஊத்தல!”

பொரியை உறிஞ்சியெடுத்துத் தரையில் கொட்டியதும் வேன் துள்ளிக்கொண்டு உறுமியது. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. தரையில் கிடந்த பொரியைக் குனிந்து கிளறிய ஞானசெல்வி நிமிர்ந்தாள்.

“தம்பி, கடலையும் சேர்த்துத்தானே போட்டேன். அது எங்க?”