மா.வீ.

"நான் இன்னும் துணியே அனுப்பலையேடா!" என்றாள் அக்கா, ஃபோனில்.

அவன் ஃபோனை வைத்தான். மனைவி தையல் மெஷின் மேல் குனிந்திருந்தாள்.

"அக்கா துணி அனுப்பலையாம்."

மெஷின் நின்றது.

"அப்ப நான் மூணு நாளா வெட்டித் தள்ளுனது யாரோட துணி?"

பழைய துணியைப் புதுத் துணியாக்கும் வீடியோக்களை இரண்டு மாதமாகப் பார்த்து வந்தாள். வீட்டில் இருந்த பழையதெல்லாம் தீர்ந்ததும் அக்காவிடம் கேட்டிருந்தாள். வியாழக்கிழமை கதவுக்கு வெளியே ஒரு மூட்டை இருந்தது. உள்ளே சட்டைகள், பேண்டுகள். இப்போது அவை மகளுக்கு ஒரு ஃப்ராக், நான்கு தலையணை உறைகள், ஒரு ஜன்னல் திரை.

"மேல ஒரு சீட்டு குத்தியிருந்துச்சுங்க. 'மா.வீ.'ன்னு. அக்கா வீட்டுக்காரரை நீங்க மாமான்னுதானே கூப்பிடுவீங்க? மாமா வீடுன்னு நினைச்சுட்டேன்."

"துணி எப்படி இருந்துச்சு?"

"அழகா மடிச்சு, இஸ்திரி போட்டு..."

"பழைய துணியை யாராவது இஸ்திரி போட்டு அனுப்புவாங்களா?"

"உங்கக்கா சுத்தக்காரியாச்சே. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு."

அவன் சோபாவில் உட்கார்ந்தான். "அது இஸ்திரிக்காரர் சீட்டு. மா.வீ.ன்னா மாடி வீடு."

மாடி வீட்டில் இருப்பவர் அவனுடைய மேனேஜர். ஐந்து வருடமாக அவன் காத்திருக்கும் பிரிவுத் தலைவர் பதவிக்கு அவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட நாளைதான் கடைசி நாள்.

"திரும்பச் சேர்த்துத் தைச்சுடவா?" என்றாள்.

"தலையணை உறையையா?"

"திரையைச் சட்டை ஆக்கிடலாம். பட்டனெல்லாம் அப்படியேதான் இருக்கு."

அவன் திரையைப் பார்த்தான். நடுவில் மேலிருந்து கீழாகப் பதினான்கு பட்டன்கள்.

"ஜன்னல் திரைக்கு எதுக்குடி பட்டன்?"

"காத்து வேணும்னா கழட்டிக்கலாம்ல?"

கதவு தட்டப்பட்டது. அவன் கதவின் துளை வழியாகப் பார்த்தான். மேனேஜர்.

மனைவி அந்த ஃப்ராக்கோடு நின்ற மகளைக் குளியலறைக்குள் தள்ளினாள். "குளி."

"குளிச்சுட்டேன்மா."

"இன்னொரு தடவை குளி."

பிறகு ஓடிப் போய் ஜன்னலுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். அவன் தலையணைகள் நான்கையும் சோபாவில் அடுக்கிவிட்டுக் கதவைத் திறந்தான். மேனேஜரை உட்காரச் சொல்லிவிட்டுத் தலையணைகள் மேல் ஏறி உட்கார்ந்தான். கால் தரையில் படவில்லை.

மேனேஜர் பச்சைச் சட்டை போட்டிருந்தார். வெள்ளிக்கிழமையும் அதே சட்டை. சனிக்கிழமையும் அதே சட்டை. ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"என்ன தம்பி, உயரமா உட்கார்ந்திருக்கீங்க?"

"முதுகு வலி சார்."

"ஓகோ. தங்கச்சி ஏன் ஜன்னல்கிட்ட அப்படி நிக்குது?"

"அவளுக்கும் முதுகு வலி சார்."

மேனேஜர் நம்பினார். எதைச் சொன்னாலும் நம்புகிற முகத்தோடுதான் வந்திருந்தார். அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை.

"இந்தச் சட்டையைத்தானே வெள்ளிக்கிழமையும் போட்டிருந்தீங்க?" என்றார் தரையைப் பார்த்து.

"ஆமா சார். மத்ததெல்லாம் இஸ்திரிக்குப் போயிருக்கு. இஸ்திரிக்காரர் கடையைப் பூட்டிட்டு மாமனார் ஊருக்குப் போயிட்டாரு."

மேனேஜருக்குப் புரையேறியது. அவர் எதையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. மனைவி தண்ணீர் கொண்டுவர ஓரடி எடுத்து வைத்தாள். திரை தெரிந்ததும் திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.

"துணி எல்லாம் ஒரு பெரிய விஷயமா தம்பி?" என்றார் இருமல் அடங்கியதும். "இன்னைக்குச் சட்டை. நாளைக்கு அதுவே வேற ஏதோ ஒண்ணு. மனுஷங்கதான் முக்கியம். இல்லையா?"

அவன் தலையணைகளை இறுகப் பிடித்துக்கொண்டான். தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். குத்திக் காட்டுகிறார். ஐந்து வருடம் போயிற்று.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடணும். வியாழக்கிழமை..."

"ஐயையோ, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்!"

மேனேஜர் எழுந்துவிட்டார். பைக்குள் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "கையெழுத்துப் போட்டுட்டேன். நாளையிலேர்ந்து நீங்கதான் பிரிவுத் தலைவர்."

அவன் தலையணைகளோடு சரிந்து விழுந்தான்.

"சார்... இதை ஞாயித்துக்கிழமை, வீட்டுக்கே வந்து..."

"செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன்." பையையும் மேஜையில் வைத்தார். "இந்தாங்க, இதுவும் உங்களோடதுதான். என் வீட்டுக்காரி தைச்சது. அவளும் வீடியோ பார்க்குறா."

அடுத்த நொடி வாசலில் அவர் இல்லை.

"தங்கமான மனுஷங்க," என்றாள் மனைவி. விரித்த கையை இன்னும் மடக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "அவரு சட்டையைப் போயி..."

அவன் பையைத் திருப்பினான். மறுபக்கத்தில் அலங்காரமாக ஒரு சட்டைப் பாக்கெட். அதன் அடியில் நீல மை. வேலையில் சேர்ந்த அன்று அவனுடைய பேனா கசிந்த கறை. பாக்கெட்டுக்குள் ஒரு சீட்டு: 'கி.வீ.' கீழ் வீட்டை இஸ்திரிக்காரர் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்.

மாடிப்படியிலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி! அவ அதை 'கிழிச்சு வீசவும்'னு படிச்சுட்டா. வீசத்தான் மனசு வரல!"