நல்ல கறுப்பு

முதியோர் இல்லம் ஒன்றின் இணையதளத்துக்கு நிறம் தேர்வு செய்துகொண்டிருந்த ஜெபசிங், வழக்கம்போல அப்பாவைக் கணினி முன் உட்கார வைத்தான். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தவருக்குத் தெரிகிற எழுத்து யாருக்கும் தெரியும் என்பது அவன் கணக்கு. ‘உறவினர்கள் ஞாயிறு மாலை மட்டும் வந்து பார்க்கலாம்’ என்று வாய்விட்டுச் சொன்னபடியே வெள்ளைத் திரையில் கறுப்பாகத் தட்டினான். “வாசிங்கப்பா.” அப்பா வாசித்தார். எழுத்தைச் சாம்பல் நிறமாக்கினான், வாசித்தார். இன்னும் வெளிறச் செய்தான், வாசித்தார். கடைசியில் எழுத்தையும் வெள்ளையாக்கினான். வெற்றுத் திரையைப் பார்த்து அப்பா அதே வரியைத் தடங்கலின்றிச் சொன்னார். “எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது மக்கா. தனியா இருந்துக்கிடுவேன்.”  ஜெபசிங் இல்லத்தின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து, அப்பாவின் பெயரை நிரப்பி, ‘இங்கே சேர முழுமனதோடு சம்மதிக்கிறேன்’ என்ற வரியைத் திரை நிறையப் பெரிதாக்கினான். நல்ல கறுப்பு. “இது தெரியுதாப்பா?” அப்பா கழுத்தை நீட்டினார். “இதுக்கென்ன, உறவினர்கள் ஞாயிறு மாலை மட்டும் வந்து பார்க்கலாம்.” “சரியா வாசிச்சிருந்தா இத அமுக்குங்க” என்று அவர் விரலைப் பிடித்து என்டர் பட்டன் மேல் வைத்தான். அப்பா தயங்காமல் அமுக்கினார்.