கிளாரியின் படகுச் சத்தம்

"இன்னிக்கு அந்த ஆளைச் சும்மா விடறதா இல்ல" என்று சொல்லிக்கொண்டே, கதவைப் படாரென்று திறந்து படகுத்துறைக்கு ஓடினாள் நோரீன்.

கிளாரியின் படகு அலறிக்கொண்டு வந்தது. எழும்பிய அலை துறைப் பலகைகளை நனைத்தது. நாணலுக்குள் கிடந்த வாத்துகள் நாலாபக்கமும் சிதறின. நோரீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிடிபிடியென்று பிடித்தாள். கிளாரி மோட்டாரை அணைத்தான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான், திட்டு முடியும்வரை கேட்டுவிட்டுப் போனான்.

எங்கள் வில்லாரா, கடலில் போய்ச் சேரும் சின்ன ஆறு. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும். மோட்டார் படகு நடைவேகத்தைத் தாண்டக் கூடாது என்பது இங்கே சட்டம். அந்தச் சட்டம் வேண்டுமென்று முதலில் கொடி பிடித்தவர்களே சிப்பி வளர்ப்பவர்கள்தான். அலை அடித்தால் ஆட்டம் காண்பது, ஆற்றுக்குள் அவர்கள் கட்டி வைத்திருக்கும் சிப்பித் தட்டுகள்.

கிளாரியும் சிப்பிக்காரன்தான். மற்ற இடமெல்லாம் பூனை மாதிரி போகிறவன், நோரீனின் துறை வந்தால் மட்டும் முடுக்கிவிடுவான். கேட்டால், கடல் இறங்கி ஆற்றில் தண்ணீர் வடிவதற்குள் தட்டுகளுக்குப் போய்ச் சேர வேண்டும், நேரமில்லை என்பான். வேலியே பயிரை மேய்கிறது என்று ஊரே சிரித்தது.

நோரீன் அரசாங்க நீர்வழித் துறைக்குப் புகார் மேல் புகார் கொடுத்தாள். பழைய அதிகாரி வருவார், தலையை ஆட்டுவார், அவள் சுட்ட பூசணிக்காய் ஸ்கோன் பன்களில் இரண்டை விழுங்கிவிட்டு வந்த வழியே போவார். அவருக்குப் பதிலாகப் புதிதாக வந்த வார்விக் என்பவன் இளைஞன், சுறுசுறுப்புக்காரன். ஸ்கோனைத் தொடவே இல்லை.

"எத்தனை மணிக்கு வர்றார்?" என்று கேட்டான்.

"அதுக்கு ஒரு நேரம் காலமே கிடையாது தம்பி. கடல் இறங்குற நேரம் தினம் தள்ளித் தள்ளிப் போகுதுல்ல? அந்த ஆளும் அப்படித்தான். இன்னிக்குக் காலையில வருவான், அடுத்த வாரம் மத்தியானம் வருவான். சத்தம் கேட்டாத்தான் வர்றதே தெரியும்."

வார்விக் தலையசைத்தான். ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்ததாகப் பழைய அதிகாரி பேருக்கு எழுதி வைத்திருக்கிறார். இன்னொரு தடவை பிடிபட்டால் கிளாரியின் படகு லைசன்ஸ் பறிபோகும் என்றான். சிப்பித் தட்டுகளுக்குப் போகத் தரைவழி கிடையாது. லைசன்ஸ் போனால் கிளாரி கடையைக் கட்ட வேண்டியதுதான்.

நோரீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அதெல்லாம் வேணாம் தம்பி. ஒருத்தன் பொழப்புல மண்ணைப் போடக் கூடாது. சும்மா ஒரு அதட்டு அதட்டுங்க, போதும்."

என்ன இருந்தாலும் நல்ல மனசு என்று ஊர் அவளைப் பாராட்டியது. ஆனால் வார்விக்குக்குச் சும்மா அதட்டத் தெரியாது. கிளாரியின் கொட்டகைக்கே போய் உட்கார்ந்துவிட்டான். சத்தமும் அலையும் இல்லாமல் போக வழி பார், இல்லையென்றால் லைசன்ஸை இப்போதே கொடு என்று கறாராகச் சொன்னான்.

கிளாரி வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். பிழைப்பு அல்லவா, வேறென்ன செய்வான் பாவம்? பழைய மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேட்டரியில் ஓடுகிற மோட்டாரைப் பொருத்தினான்.

முதல் ஓட்டத்தைப் பார்க்க வார்விக்கே நோரீனின் துறையில் வந்து நின்றான். வளைவில் படகு தெரிந்தது. முனகல்கூட இல்லை. கம்பத்தில் உட்கார்ந்திருந்த பெலிக்கன் கண்ணைத் திறக்கவில்லை. துறைக்கு நேரே வந்ததும் கிளாரி வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றினான். திட்ட ஆள் இல்லை. வீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான், தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வார்விக்குக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். பாதித் தலையைச் சீவி, மீதித் தலையில் முடி சுருட்டும் குழல்களோடு வந்து எட்டிப் பார்த்தாள் நோரீன். படகு வந்தாச்சு, போயாச்சு, உங்களுக்கே கேட்கவில்லை பார்த்தீர்களா என்றான்.

சீப்பைக் கையில் பிடித்தபடியே அவள் துறைக்கு ஓடினாள். தண்ணீரில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மூடிக்கொண்டிருந்தது. அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"நன்றியெல்லாம் வேணாம் நோரீன். என் கடமையைத்தான் செஞ்சேன்" என்றான் வார்விக்.

"என்னத்தக் கடமை? சத்தம் இல்லாம அந்த மனுஷன் வர்றது எனக்கு எப்படித் தெரியும்?"

வார்விக் திருதிருவென்று விழித்தான். "நீங்கதானே விடாமப் புகார் கொடுத்தீங்க?"

"தினம் இங்க ஓடி வந்து நிக்கிறதுக்கு ஊருக்கு ஒரு காரணம் சொல்ல வேணாமா? கவர்மெண்டு ஆளு, ஒண்ணும் செய்ய மாட்டீங்கன்னு நம்பித்தானே தம்பி கொடுத்தேன்."