இரண்டு காய்

"ஓட்டிப் பார்க்காமலே புரோகிராமுல தப்பு சொல்லிருவியா? ஏம்மா, ஏலக்காயை உரிக்காமலே உள்ள எத்தனை அரிசின்னு சொல்ற கதையாயில்ல இருக்கு!"

பாண்டியராஜன் வாய்விட்டுச் சிரித்தார். போடியில் மாடியில் இரண்டு அறை. அதுதான் அவர் கம்பெனி. ஏலக்காய் காயவைக்கும் மிஷினும் அதை இயக்கும் புரோகிராமும் அங்கேதான் தயாராகின்றன. புரோகிராமைச் சரிபார்க்க ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார். பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றவளை, "புரோகிராம் விசயமாத்தானே?" என்று கேட்டார். "அதேதாண்ணே" என்றாள். உட்கார வைத்துவிட்டார்.

பெயர் பொற்கொடி. முப்பது வயதிருக்கும். மடியில் ஒரு துணிப்பை. வேலை கேட்டு வருகிறவர்கள் 'சார்' என்பார்கள். இவளானால் வாய்க்கு வாய் 'அண்ணே'. அதுவும் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"வீட்டுல இருந்தே ஒரு கம்பெனிக்கு இந்தச் சோலிதாண்ணே பார்க்குறேன். புரோகிராமை ஓட்டாம, வரிவரியா படிச்சே தப்பைக் காட்டுற டூல் இருக்குல்ல? அதுக்கு பிளகின் எழுதுறது."

"அந்த டூலு இங்கயும் இருக்கு. எல்லாம் சரின்னு பச்சை டிக் போட்டிருச்சு. நாங்களும் நூறு தடவை மிஷினை ஓட்டிப் பார்த்தாச்சு. கீழ பாரு, பன்னிரண்டு மிஷினு லாரியில ஏறியாச்சு. இன்னும் அரை மணியில மலைக்குப் போகுது."

"இதுவரைக்கும் ஒரு குறையும் வரலையாண்ணே?"

"வரலையே. மேல ஒரு தோட்டத்துல மட்டும் காயைக் கருக்கிப்புட்டு எங்க மேல பழி போடுறாக. அந்தத் தோட்டத்துக்காரம்மா போன்ல பொரிஞ்சு தள்ளிருச்சாம். ஜெகதீசுதான் பேசினான். எதையாச்சும் தப்பா அமுக்கியிருக்கும். காட்டுல கெடக்குறவுகளுக்கு மிஷினப் பத்தி என்ன தெரியும்?" என்றவர் மூக்கை உறிஞ்சினார். "ஏலே ஜெகதீசு! பாலு அடிப்பிடிச்சிருச்சா பாரு, கருகுன வாடை வருது!"

அவரோடு புரோகிராம் எழுதும் ஜெகதீஷ் கதவிடுக்கில் தலையை நீட்டினான். "பாலே இன்னும் வரலண்ணே. அப்புறம், வெளிய ஒரு..."

"யாரா இருந்தாலும் உக்காரச் சொல்லு!"

தலை மறைந்தது. பொற்கொடி ஒரு பென் டிரைவை நீட்டினாள். "எழுதியே கொண்டாந்திருக்கேன். உங்க டூல்ல சேர்த்துப் பாருங்கண்ணே."

வருவதற்கு முன்பே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாளே! பாண்டியராஜனுக்குப் புருவம் உயர்ந்தது. பிளகினைச் சேர்த்துவிட்டு டூலைத் தட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பச்சை டிக் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு.

"'காய்'ங்கிற பேரு ரெண்டு இடத்துல நிக்குது பாருங்க. மேல இருக்குறதை எழுதினது யாரு?"

"நாந்தான். எத்தனை டிகிரியில காயணும்ங்கிறது."

"கீழ இருக்குறது?"

"நாந்தான். எத்தனை டிகிரியில காயணும்ங்கிறது."

"ஒரே பேரு. அதனால கடைசியா போட்ட எண்ணு முந்தினதை அழிச்சிட்டு உக்காந்துக்கிடுது. உங்க டூலு இங்கிலீசுக்காரன் செஞ்சது. நம்ம பாஷையில காயும் காய்தான், காயிறதும் காய்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெரியாததைச் சொல்லிக் குடுக்குறதுதாண்ணே பிளகினு. காய், படி, ஆறுன்னு ரெண்டு அர்த்தம் உள்ள வார்த்தையா நாப்பது போட்டிருக்கேன். அதுல ஏதாச்சும் ஒரு வார்த்தை ரெண்டு அளவுக்குப் பேரா நின்னா, சிவப்புக் கோடு."

"அப்ப நூறு தடவை ஓட்டினப்ப ஏன் தெரியல?"

"எத்தனை கிலோ போட்டு ஓட்டினீங்க?"

"அம்பது. எப்பவும் அம்பதுதான்."

"எத்தனை டிகிரியில காஞ்சுச்சு?"

"அம்பது. அச்சுப் பிசகாம..." பாண்டியராஜன் சிவப்புக் கோட்டை மறுபடி பார்த்தார். "அப்ப, தொண்ணூறு கிலோ போட்டா?"

"தொண்ணூறு டிகிரிண்ணே."

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் சன்னலுக்கு ஓடினார். "சோணை! லாரியை எடுத்துறாத! லோடை இறக்குப்பா, எல்லாத்தையும் இறக்கு!"

திரும்பி வந்து வியர்வையைத் துடைத்தார். அவள் எழுதியிருந்ததை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தார். மொத்தமே அறுபது வரி. ஒரு வரியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். ஓட்டினால் ஒளிந்துகொள்கிற தப்பை உட்கார வைத்தே பிடித்த ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"தாயி, பன்னிரண்டு தோட்டத்துக் காயைக் காப்பாத்திட்ட. உன்னை விடுறதா இல்ல. நாளைக்கே வேலைக்கு வந்துரு. பையில சர்ட்டிபிகேட்டுத்தானே? கொண்டா, பார்ப்போம்."

பொற்கொடி துணிப்பையை அவிழ்த்து மேசையில் கவிழ்த்தாள். கரிக்கட்டையாகக் கருகிப்போன ஏலக்காய் சடசடவென்று கொட்டியது.

"தொண்ணூறு கிலோவுல மிஞ்சுனது இதுதாண்ணே. எடைக்கும் சூட்டுக்கும் மிஷின் திரையில 'காய் 90'ன்னே வந்துச்சு, அப்பவே புரிஞ்சுபோச்சு" என்றபடி எழுந்தாள். "போன்ல பொரிஞ்சு தள்ளுன அந்தம்மா நாந்தான். வேலைக்கு வந்த பிள்ளை வெளிய ரொம்ப நேரமா காயுது, வெரசா கூப்பிடுங்க."