வான்கோழித் தட்டில் வார்த்த ஸ்கூப்

வெர்லின் தன் எதிராளி கிளேடனின் காரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பானெட்டின் மேல் மூக்கு மாதிரி எழும்பி நின்று காற்றை உள்ளே வாங்கும் ஸ்கூப்பைத் துடைக்கும்போது மட்டும் கை ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

"என்னய்யா வெர்லின், போட்டிக்கு வந்தவன் வண்டிக்கே சேவகமா?" காபிக் கோப்பையோடு கடந்துபோன டோரிஸ் கிண்டலடித்தாள்.

"ஒரே தூசி, டோரிஸ். அவன் சாப்பிடப் போயிருக்கான். எனக்குச் சும்மா இருக்க முடியல."

"தங்கமான மனசுய்யா உனக்கு!"

அவள் தலை மறைந்ததும் தங்கமான மனசுக்காரன் அக்கம்பக்கம் பார்த்தான். துணியைச் சுருட்டி ஸ்கூப்பின் வாய்க்குள் திணித்தான். உள்ளேயிருந்த குழாயின் வளைவைத் தாண்டும்வரை விரலால் தள்ளினான்.

மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. முழுசாக மிதித்தால்தான் இன்ஜின் துணியை உறிஞ்சி இழுக்கும். கார்புரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். அப்புறம் காலை எடுத்தாலும் வேகம் அடங்காது. ஸ்கூப் பொருத்தப் பானெட்டை அறுக்கும்போது இரும்புத்தூள் விழாமலிருக்க அடைத்த துணியை எடுக்க மறந்து, போய்ச் சேர்ந்தவன் கதை கேன்சஸ் முழுக்கத் தெரியும்.

ஜோடி ஜோடியாகக் கார்கள் நேர்கோட்டில் சீறும் இந்தப் பந்தயப் பாதை ஒரு காலத்தில் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களுக்குப் போட்டது. முடிவில் கொஞ்சம் மணல். அதற்கப்புறம் கான்கிரீட்டில் எழுப்பிய தானியக் கிடங்கு.

'தோத்தா போதும், வேற ஒண்ணும் ஆயிடாது' என்று வெர்லின் தனக்குள் சொல்லிக்கொண்டான். பொய் என்று அவனுக்கே தெரியும்.

எல்லாம் அந்த ஸ்கூப்பால் வந்த வினை. மனைவி வான்கோழி வாட்டும் தட்டைக் கவிழ்த்து, மேலே ஃபைபர் பூசி, துணி உலர்த்தும் மெஷினின் குழாயை அதோடு ஒட்டி, வெளிக்காற்றைக் குளிரக் குளிர இன்ஜினுக்கு ஊட்டும் வித்தையை இந்தப் பக்கத்தில் முதலில் செய்தவன் வெர்லின். நாலு போல்ட்டைக் கழற்றினால் குழாயோடு கையில் வந்துவிடும். நண்பனாச்சே என்று அதே தட்டில் இன்னொன்று வார்த்துக் கிளேடனுக்கும் கொடுத்தான்.

கிளேடன் ஜெயித்தான். ஊர் அதற்குக் 'கிளேடன் ஸ்கூப்' என்று பேர் வைத்தது. கிளேடனும் இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றவன் ஒருத்தன், பேர் இன்னொருத்தனுக்கு. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "யார்கிட்டயாச்சும் ஃபேன் பெல்ட் இருக்கா? நம்ம வெஸ்லி பெல்ட் அறுந்து முழிச்சிட்டு நிக்கிறான்!"

வெஸ்லியோடு மோத வேண்டியவனே தன் பெட்டியிலிருந்த பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இங்கே அப்படித்தான். எதிராளி வண்டி படுத்துக் கிடக்கும்போது ஜெயித்தால் கைதட்ட ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த ஓட்டம் ஜோலினுடையது. வெர்லினுக்கு மூட்டு போனதிலிருந்து அவனுடைய சிவப்புக் காரை மகள்தான் ஓட்டுகிறாள். அவளுக்கு அடுத்த ஜோடியில் கிளேடன். அந்த நேரத்தில் வண்டிகள் பக்கமே தான் இருக்கக்கூடாது என்று வெர்லின் பாதையின் கடைசி வேலிக்குப் போய் நின்றான். மேற்கே மேகம் கறுத்திருந்தது. சோளக்காட்டில் ஓர் இலை அசையவில்லை.

"இங்கயா நிக்கிற? உன்னை எங்கெல்லாம் தேடுறது!"

பின்னால் கிளேடன். மூச்சு வாங்கியது. கையெல்லாம் கிரீஸ்.

வெர்லின் வெடுக்கெனத் திரும்பினான். "நீ... நீ ஏன் இங்க வந்த? ஜோலினுக்கு அடுத்து உன் ஓட்டமாச்சே?"

"நான் இன்னைக்கு ஓடல. பேரை அடிச்சிடச் சொல்லிட்டேன்."

மாட்டிக்கொண்டோம் என்று வெர்லின் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த ஸ்கூப் விஷயமா உன்கிட்ட பேசணும்டா."

"எ... எந்த ஸ்கூப்?"

"தெரியாத மாதிரி பேசாத. உன் மூளையில உதிச்சதை ஊரே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்ப, நான் பாட்டுக்கு வாயை மூடிட்டு இருந்துட்டேன். மனசு அறுக்குதுடா. இனிமே அது வெர்லின் ஸ்கூப்தான்னு மைக்குல சொல்லச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

வெர்லின் வேலிக்கம்பியை விட்டான். இவனையா காவு கொடுக்கப் பார்த்தோம்! நல்லவேளை, ஓடவில்லை. ஜோலின் ஓடி முடிக்கட்டும், முதல் வேலையாகப் போய் அந்தத் துணியை உருவிவிட வேண்டும். அவனுக்கு உடம்பே லேசானது.

தூரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. சிவப்புக் கார் துள்ளிக் கிளம்பியது. ஜோலின் முழுசாக மிதித்திருந்தாள். இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது.

"எப்படி வர்றா பாரு, சிங்கக்குட்டி!" கிளேடன் வேலியைத் தட்டினான்.

வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அதெல்லாம் சரிடா. அதுக்காக நீ ஏன் ஓட்டத்தை விட்டுட்ட?"

"பானெட்டைச் சாத்துறப்ப அவ ஸ்கூப் உடைஞ்சு போச்சு, என்னோடதைக் கழட்டி மாட்டி விட்டேன்."