விதைக்கு விட்ட சுரைக்காய்

கத்தி காம்பில் இறங்கிய பிறகுதான் டிரைவருக்குத் தெரிந்தது, தப்பான காயை அறுத்துவிட்டோம் என்று.

கையில் விழுந்த சுரைக்காய் கட்டையாகக் கனத்தது. அழுத்திப் பார்த்தார், நகம் இறங்கவில்லை. விரலை மேலே நகர்த்தினால் காம்பில் ஒரு துணி.

விதைக்கு விட்ட காய்.

சிவப்புத் துணி கட்டிய காயில் யாரும் கை வைக்கக் கூடாது என்று போன வாரம்தான் மனைவி வீட்டுக்கே உத்தரவு போட்டிருந்தாள். நாலு வயது மகளுக்குக்கூட அது மனப்பாடம்.

நேற்று அடித்த காற்றில் பந்தல் சாய்ந்து, மூலையில் தொங்கிய காய் நடுவுக்கு வந்துவிட்டிருந்தது. இடத்தை நம்பித்தான் அவர் அறுப்பார். கண்ணை நம்பி அல்ல.

மொட்டை மாடியில் விடிந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவருக்கு எல்லா விடியலும் பால் கலந்துதான் வரும். கத்தரிச் செடிகள் பச்சைப் புகையாக நின்றன. தக்காளிகள் எதிலும் தொங்காமல் சும்மா மிதந்தன. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அது அழகாகவும் இருந்தது. சில காலைகளில் மாடியே தரையை விட்டுக் கிளம்பி மெல்ல எங்கோ போகும். டிரைவர் பயணி மாதிரி உட்கார்ந்து போவார்.

பஸ் ஓட்டும் வேலையை விட்டபோது முதுகுவலி என்று வீட்டில் சொல்லியிருந்தார். மழை தொடங்கிய மாதம் தனியாகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்ததையும், போன பார்வை போனதுதான் என்று அவர் கைவிரித்ததையும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வேலையை விட்டதிலிருந்து மனைவியின் தையல் மிஷின்தான் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியது. சாப்பாட்டுப் பாட்டை மாடி பார்த்துக்கொண்டது. அரிசி, எண்ணெய், உப்பு, இவற்றைத் தாண்டிக் கடைக்குப் போவது அபூர்வம். விதைகூட வாங்குவதில்லை. வருஷத்துக்கு ஒரு நல்ல காயை முற்றவிட்டு எடுத்துக்கொள்வார்கள். பறித்துக் கொண்டுவருவது மட்டும் அவர் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். வேலை போன மனுஷனுக்கு வெறும் வயிறு பெரிதில்லை, வெறுங்கைதான் வலி.

கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். கண் விஷயம் தெரிந்தால் அவள் அன்றே மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். அவ்வளவு நல்லவள்.

துணியை அவிழ்த்து எறிந்துவிடலாமா? தடவினார். நுனியில் ஒரு பெரிய பொத்தான் வேறு. பழைய கோட்டிலிருந்து கிழித்திருப்பாள். அவிழ்க்க மனம் வரவில்லை.

காயைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு படி இறங்கினார். கைப்பிடிக் கம்பி முடியும் இடத்தில் வழக்கமான பொத்தான் விரலில் இடறியது. அதற்குப் பிறகு தரைதான்.

தையல்காரி வீட்டில் பொத்தானுக்குப் பஞ்சமா? கம்பியில் ஒன்று சுற்றிக் கிடக்கும், துண்டின் ஓரத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கோடையில் ஒருநாள் உப்பு ஜாடி மூடியில் ஒன்று கட்டியிருந்தது. இப்படியே போனால் சோற்றிலும் பொத்தான் வரும் என்று கேலி செய்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். எடுத்துப் போட நினைத்து, கைக்குப் பழகிப்போய் அப்படியே விட்டுவிட்டார்.

சமையலும் தையலும் ஒரே அறையில். அவர் உள்ளே வந்ததும் மிஷின் நின்றது.

"அணில் கடிச்சுப் போட்டிருக்கும்மா," என்றார், காயை நீட்டி. சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். இந்தச் சுரைக்காயை அணிலின் தலையில் கட்ட முடியாது.

அவள் காயை வாங்கிக்கொண்டாள். காம்பைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவளுக்குக் கத்தி போன வழி தெரியாதா? காம்பு நேர்கோடாக அறுந்திருந்தது.

பூட்டுச் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். ஜன்னல் இருந்த பக்கம் வெளிச்சம் குளம்போல அசைந்தது. அதன் நடுவே அவள் உருவம் எழுந்து, ஜன்னல் திண்டில் காயை வைத்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தது.

"பரவால்லைங்க, நல்லாதான் முத்தியிருக்கு. வெயில்ல வெச்சா விதை தேறிடும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அடுத்த தடவை ரெண்டு பொத்தானா தெச்சுடறேன்."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

டிரைவர் நின்ற இடத்திலேயே நின்றார். மாடிச் சாவி எப்போதும்போல ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் அதை எடுக்கவில்லை. கண் தெரிகிறவர்களுக்குச் சிவப்புத் துணியே போதுமே, பொத்தான் எதற்கு?

கை தானாக மேடையில் ஊர்ந்து உப்பு ஜாடியைத் தேடிப் பிடித்தது. மூடியில் அது இருந்தது. தடவும் விரலுக்குத் தோதாக, நாலு துளையிலும் நூல் ஓட்டி, அசையாமல் முடிச்சுப் போட்டிருந்தாள்.

அது வந்தது கோடையில். அவர் டாக்டரிடம் போனது அதற்கும் பிறகு, மழையில்.