அவர் தூங்கிய புத்தகம்

“என்னங்க, தூங்கிட்டீங்களா?”

பதில் இல்லை. பிரம்பு நாற்காலியில் தாடை நெஞ்சைத் தொட, கண் மூடியிருந்தார். குறட்டைகூட இல்லை. அவ்வளவு அசதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, படித்துக்காட்டிக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் போட்டாள். ‘இது தேறாது’ என்று மனதுக்குள் முடிவு கட்டினாள். டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பினாள்.

நூலகத்தில் பதின்வயதுப் பிள்ளைகளின் அலமாரி அவள் பொறுப்பு. அந்த வயதுக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க அவளிடம் இருந்தது ஒரே அளவுகோல்: வீட்டுக்காரர். பிஸ்கட் ஃபாக்டரியில் இரவு ஷிப்ட். மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போதே கண் சொருகிவிடும். சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வருபவள், புதுப் புத்தகம் ஒன்றை அவருக்கு உரக்கப் படிப்பாள். இரண்டாம் பக்கத்தில் குறட்டை கேட்டால் அந்தப் புத்தகம் தள்ளுபடி. “அப்புறம் என்னாச்சு?” என்று எழுந்து உட்கார்ந்தால் அலமாரிக்கு வந்துவிடும்.

பரிசு வாங்கிய எத்தனையோ புத்தகங்கள் அந்த நாற்காலியைத் தாண்ட முடியாமல் போயின. தூக்கத்தில் சொக்குகிற ஆளையே எழுப்ப முடியாத புத்தகம், ஃபோனும் கையுமாக இருக்கிற பிள்ளையை எப்படி இழுக்கும் என்பது அவர் கட்சி. ஒன்றிரண்டு முறை அவர் குறட்டையை மதிக்காமல் அவள் அலமாரியில் வைத்துப் பார்த்தாள். தூசிதான் படிந்தது.

இடையில் அவள் நீண்ட விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்தபோது தலைமை நூலகர் மாறியிருந்தார். புதியவர் இளைஞர், கறார் பேர்வழி. பிள்ளைகள் அலமாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேர்வு வழிகாட்டிகளை அடுக்கப்போவதாகச் சொன்னார். புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள்.

“குறட்டையை வச்சு நூலகம் நடத்த முடியாது மேடம்,” என்றார் அவர். போனால் போகிறதென்று, பள்ளி விடுமுறை முடிவதற்குள் அலமாரியில் கூட்டம் சேர்ந்தால் பார்க்கலாம் என ஒரு கெடு கொடுத்தார்.

அலமாரியில் இருந்ததையெல்லாம் பிள்ளைகள் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார்கள். புதிதாக வந்தவை கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. எதை நம்பி எடுத்து வைப்பது?

அந்த வாரம்தான் ‘ஊஹூம்’ வந்தாள். எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் ஊஹூம் என்று உதட்டைப் பிதுக்குவதால் அவளுக்கு அந்தப் பெயர். பத்தாம் வகுப்பு. அன்றைக்கும் அலமாரி முழுக்க ஊஹூம் சொல்லி முடித்துவிட்டு மேஜைக்கு வந்தவள், பாதி திறந்திருந்த இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள். விடுப்புக்கு முன் கைப்பையிலிருந்து எடுத்துப் போட்ட புத்தகம் அங்கேயே கிடந்தது.

“இது என்ன ஆன்ட்டி?”

“அது வேண்டாம். அதைப் படிச்சப்ப எங்க வீட்டுக்காரர் தூங்கிட்டார்.”

“அப்ப அதையே குடுங்க.”

வாங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கியபின்தான் எழுந்தாள். மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே சிவந்த கண்களோடு படிக்கட்டில் காத்திருந்தாள். கூடவே ட்யூஷன் தோழிகள் ஒரு பட்டாளம்.

அதற்குப் பிறகு புத்தகம் ஒருநாள்கூட இழுப்பறைக்குத் திரும்பவில்லை. யார் முதலில் என்று சண்டை. பொறுக்கமுடியாத சிலர் ஒருத்தியைப் படிக்கச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். முறை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மற்ற புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அலமாரியில் பலகை தெரிந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது என்று தலைமை நூலகரே ஒரு சனிக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். திங்களன்று வீங்கிய கண்களோடு வந்தார். தேர்வு வழிகாட்டிகளைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதே புத்தகத்தில் இன்னும் சில பிரதிகளுக்கு ஆர்டர் போட்டார். பக்கத்திலேயே இரண்டாவது அலமாரி அடிக்கத் தச்சரையும் வரச் சொன்னார்.

புது அலமாரியில் அவளோடு சேர்ந்து புத்தகம் அடுக்கிய ஊஹூமுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“உங்க வீட்டுக்காரர் இந்தத் தடவை தோத்துட்டார் ஆன்ட்டி. எந்த இடத்துல தூங்கினார்?”

தேடவேண்டிய அவசியமே இல்லாமல் அவள் விரல் அந்தப் பக்கத்தைப் பிரித்தது.

“வீட்டுக்குள்ள வெள்ளம் ஏறுது. அந்தப் பொண்ணு பரண் கதவைத் தட்டுறா. உள்ளேயிருந்து அவ குரல்லயே பதில் வருது. அங்கதான் நிமிர்ந்து பார்த்தேன்.”

“அங்கயா? அந்த இடத்துல யாரால ஆன்ட்டி தூங்க முடியும்?”

ஊஹூம் விளையாட்டாகத்தான் கேட்டாள். இவளோ அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குறட்டைச் சத்தமே இல்லாத அந்த மதியம் கண்முன் வந்தது. மெல்ல நிமிர்ந்தபோது, வழக்கில் ஜெயித்தவளைப்போல அவள் முகம் மலர்ந்திருந்தது.

“யாராலயும் முடியாது கண்ணு. சாயங்காலம் நான் திரும்பிப் போனப்பவும் அதே நாற்காலியில அப்படியேதான் இருந்தார். மதியமே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். நான்தான் இத்தனை நாளா, கதை பிடிக்காம தூங்கி, அந்தத் தூக்கத்துலயே போயிட்டார்னு நினைச்சுட்டிருந்தேன்.”

நல்ல புத்தகத்துக்கு அவர் ஒருநாளும் தூங்கியதில்லை.